சாமைத்தாளில் மூன்றாம் துண்டு

வாணியம்பாடி
3 மார்ச் 2025

மறைந்திருப்பதையும் வெளிப்பட்டிருப்பதையும் ஒருங்கே அறிகின்றவனும், முறிந்ததைப் பொருத்துகின்றவனுமாகிய ஏக இறைவனைப் போற்றித் தொடங்குகிறேன்.

அன்புமிக்க நண்பர் ரங்கசாமி அவர்களுக்கு அமீனுல்லா எழுதும் மடல். உங்கள் மீதும், நான் தங்கையென அழைக்கும் உங்கள் மனைவி மங்கம்மாள் மீதும் சாந்தி நிலவுக.

இருமுறை அலைபேசியில் அழைத்தேன். முதல் முறை புளி விலை பேசினீர்கள். மறுமுறை வெயிலைப் பற்றிப் பேசினீர்கள். “அன்றைக்கு வண்டி…” என்று நான் வாயெடுத்ததும், “பாய், இங்க டவர் கெடைக்கல” என்று சொல்லித் தொடர்பை அறுத்துவிட்டீர்கள். டவர் கிடைக்காத இடத்தில் நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் எப்படிக் கேட்டது, நண்பரே? ஆகையால்தான் நோன்பு மாதத்தின் பகற்பொழுதில் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் அறிந்ததையே எழுதுகிறேன், பொறுத்தருள்க. நெஞ்சில் திரும்பத் திரும்ப ஓடுவதைத் தாளில் இறக்கி வைத்தாலன்றி எனக்கு உறக்கம் கூடாது. பேத்தி ஃபிஜாவின் திருமணம் முடிந்து, உங்கள் இருவரையும் மலைமேல் வீட்டில் விட்டுவர நானும் உடன் வந்தேன். என் இளைய மகன் அர்பாஸ் காரை ஓட்டினான். காவலூரைக் கடந்து உங்கள் ஊர் வளைவில் திரும்பியபோது நடுச்சாலையில் ஒரு பசு நின்றது. அர்பாஸ் ஒடித்தான், வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. பசு மட்டும் அசையாமல் நம்மைப் பார்த்தது.

ஒருவர் உடம்பிலும் ஒரு துளி இரத்தமில்லை. ஆனால் சன்னலோரம் அமர்ந்திருந்த தங்கை மங்கம்மாளின் தலை கதவுச் சட்டத்தில் இடித்த ஓசையை நான் கேட்டேன். என்னவென்று கேட்பதற்குள் ஊர் திரண்டுவிட்டது. உங்கள் மகன் வெற்றிச்செல்வன் அர்பாஸின் சட்டையைப் பிடித்து, “ரோட்ட பாக்காம இன்னாத்தப் பாத்து ஓட்டுன? வூட்டுக்கு முழுசா போக மாட்ட நீ!” என்று உலுக்கினார். அப்போது நீங்கள்தாம் இடையில் புகுந்து, “வுடுடா கைய! எங்களுக்கு ஒண்ணும் ஆவல. பாய் என்கூடப் பொறந்தவரு மாதிரி” என்று உரக்கச் சொன்னீர்கள். ஊர்ப்பெரியவர் கருப்பனார் காளியம்மன் கல்லின்முன் நம்மை நிறுத்திச் சாமைக்கதிர் அறுத்த வைக்கோல் தாள் ஒன்றை இரண்டாகக் கிள்ளி நம் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். இனி இதை யாரும் வாய்திறந்து பேசலாகாது என்றார். காவல் நிலையம் இல்லை, வழக்கு இல்லை. அர்பாஸ் வெளிநாட்டுத் தோல் ஆலைக்கு வேலைக்குப் போகவிருந்தான். காவல்துறை நற்சான்று இல்லாமல் அது நடவாது. ஆகவே அந்தத் துரும்பைப் பெற்றபோது என் கை நன்றியால் நடுங்கியது.

இனித்தான் செய்தி. அதன்பின் ஒரு வாரம் நலமாகவே இருந்தேன். பிறகொரு நாள் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கக் குனிந்தபோது இடது விலாவில் ஆணி இறங்கியதுபோல் வலி. வாயு என்று எண்ணிப் பூண்டு தின்றேன். படம் எடுத்துப் பார்த்தால் விலா எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது! திகைத்துப் போனேன். “மோதின அன்னைக்கு வலிக்கவே இல்லையே, டாக்டரம்மா” என்றேன். அவர் சொன்னார்: “அன்னைக்கே வலிச்சாகணும்னு சட்டமா பாய்? பயத்துல உடம்பு மறைச்சிடும். பத்து நாள் கழிச்சுக்கூடக் காட்டும். சரி, கூட வந்தவங்க எப்படி இருக்காங்க? தலையில இடிச்சவங்க யாராவது உண்டா?”

அந்தக் கேள்வி என் விலாவைவிட ஆழமாகக் குத்தியது. தங்கை எப்படி இருக்கிறார்? மலை வளைவுகளில் பயணம் கூடாதென்று எனக்குத் தடை விதித்திருக்கிறார்கள். ஆகையால் இதைப் பேருந்து நடத்துனர் அர்ச்சுனன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
அமீனுல்லா

*

ஜவ்வாது மலை
8 மார்ச் 2025

மலைமேல் நின்று மண்ணெல்லாம் காக்கும் பெருமாள் துணை.

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு ரங்கசாமி வணக்கம் கூறி எழுதுவது. தங்கள் விலா எலும்பைக் கேட்டு மனம் பதறியது. இம்முறை கடுக்காய் பொறுக்கும்போது தங்களுக்கென்று மலைத்தேனும் எடுத்து வைத்தேன், அர்ச்சுனனிடம் தந்திருக்கிறேன். அவன் வழியில் நக்கிவிடாமல் இருந்தால் வந்து சேரும்.

தாங்கள் கேட்டதற்கு என் வாய் பதில் சொல்லாது. கிள்ளிய தாளுக்குப் பின் அந்த நாளை எடுத்துப் பேசினால் அந்த வீட்டில் விளக்கு நிற்காது என்பது எங்கள் முன்னோர் கட்டு. கட்டு வாய்க்குத்தானா, கைக்கும் சேர்த்தா என்று கருப்பனாரைக் கேட்கவில்லை. கேட்டால் சேரும் என்று சொல்லிவிடுவார். அதனால் கேளாமல் எழுதுகிறேன், அளவோடு எழுதுகிறேன்.

என் பங்குத் துண்டைக் கூரை மூங்கிலில் செருகி வைத்திருக்கிறேன். தங்கள் துண்டு தங்களிடம் பத்திரமாக இருக்கும். அவ்விரண்டும் ஒருசேரக் கல்லின்முன் வந்தாலன்றி வழக்கு திறவாது. கொண்டுவந்து வைப்பவன் குற்றத்தைத் தன் தலைமேல் ஏற்றான் என்று பொருள். ஊர் என்ன செய்தாலும் அவன் பொறுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து ஒருவரும் அப்படி வைத்ததில்லை. ஆகையால் தம்பி அர்பாஸ் அஞ்சாமல் புறப்படட்டும். வெற்றிச்செல்வன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் திரிகிறான். “அந்தப் பையன் இந்தப் பக்கம் வந்தா கால ஒடைப்பேன்” என்கிறான். வயசுக் கோபம், ஆறிவிடும்.

மங்கம்மாள் நலமே. கொஞ்சம் தலைவலி என்கிறாள். பங்குனி வெயில் வரப்போகிறதல்லவா. புளி உடைக்க உட்கார்ந்தால் பாதிக் கொட்டையை உள்ளேயே விட்டுவிடுகிறாள். நேற்றுக் களியில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். “கடலையே கரைச்சுட்டியா?” என்று வெற்றிச்செல்வன் கேட்டான். முன்பென்றால் கரண்டியோடு துரத்தியிருப்பாள், சிரிக்கக்கூட இல்லை. வயது ஏறுகிறது, பாய். நமக்கு மட்டும் இறங்குகிறதா என்ன?

தொழுகையில் தங்களுக்கு வலி குறையட்டும் என்று பெருமாளை வேண்டுகிறேன். எல்லாம் ஒருவனுக்கே போய்ச் சேரும் என்று தாங்கள்தாமே சொல்வீர்கள்.

இப்படிக்கு
ரங்கசாமி

*

வாணியம்பாடி
13 மார்ச் 2025

உள்ளங்களைப் புரட்டுகின்றவனின் திருப்பெயரை முன்வைத்து.

அன்பு நண்பருக்கு. தேன் வந்தது. நோன்பு திறக்கையில் ஒரு விரல் தொட்டு நாவில் வைத்தேன், இனிப்பு இறங்கவில்லை. உங்கள் கடிதத்தின் பின்பாதியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நீங்கள் மறைக்க முயன்று எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். தங்கை மங்கம்மாள் புளியில் கொட்டை விடுவதா? என் மனைவி கனீஸ் ஃபாத்திமாவின் சமையலறைக்கு வந்து, எங்கள் வீட்டுப் புளியைத் தடவிப் பார்த்து, “இன்னாக்கா, கொட்டையோட சேத்துப் புள்ள பெத்து வெச்சிருக்க?” என்று கேலி செய்தவர் அல்லவா அவர்! அவருடைய விரல்கள் கண்ணில்லாமலே பார்க்கும். அந்த விரல்கள் தவறுகின்றன என்றால் அதற்கு வெயிலும் வயதும் காரணமாகா.

உங்கள் கடிதத்தை என் மருத்துவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் உப்பு என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்தினார். “அந்தம்மாவ உடனே கூட்டிட்டு வந்து தலைய ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. மண்டை ஓட்டுக்குக் கீழ ரத்தம் மெல்லமாக் கசிஞ்சு சேரும். வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாது. மாசம் திரும்பறதுக்குள்ள ஆளையே சாய்ச்சிடும்” என்றார்.

ரங்கசாமி அவர்களே! ஊர்த் திருவிழாவில் பழங்கதை படிப்பவர் நீங்கள். உங்கள் குரலைக் கேட்கவே மலையேறி வந்தவன் நான். சொன்ன சொல்லைக் காப்பது அறம் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. ஆயினும் நன்மை செய்வதற்குக் குறுக்கே உன் சத்தியத்தைச் சுவராக எழுப்பாதே என்று எங்கள் மறை எச்சரிக்கிறது. அத்தகைய சத்தியத்தை முறித்துவிட்டு, ஏழைகளுக்கு உணவளித்துக் கழித்துக்கொள்ள வழியும் காட்டுகிறது. உங்கள் நெறியில் அப்படியொரு வாயில் இல்லையா?

கருப்பனாரிடம் வேறு காரணம் சொல்லுங்கள். எப்படியேனும் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது நடந்ததைச் சொல்லுங்கள். அச்சமாயிருக்கிறது.

உங்கள்
அமீனுல்லா

*

ஜவ்வாது மலை
19 மார்ச் 2025

பெருமாள் துணை.

பாய் அவர்களுக்கு ரங்கசாமி எழுதுவது.

தங்கள் சொல்லைத் தட்டவில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டேன். முந்தாநாள் காலையில் மங்கம்மாள் வாசலுக்கு வந்தபோது இடக்காலில் செருப்பு நிற்கவில்லை. போட்டதும் கழன்றது, அது கழன்றதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கால் வெறுமையாக, மறுகால் செருப்போடு தண்ணீர்க் குழாய்வரை போய்விட்டாள். வெற்றிச்செல்வன் ஓடிவந்து, “எப்பா, அம்மா கால இஸ்துக்கினு நடக்குது” என்றான். உடனே பேருந்தேறிப் போளூர்ப் பக்கம் ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

மருத்துவர் நல்லவர். கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “கீழ எங்கயாச்சும் விழுந்தாங்களா? தலையில அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டார்.

பாய், அந்த இடத்தில் என் நாவு தடுமாறியது உண்மை. தங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. கூரையில் செருகிய துண்டும் நினைவுக்கு வந்தது. தம்பி அர்பாஸ் விமானமேறும் நாளும் நினைவுக்கு வந்தது. சொன்ன சொல்லுக்காக நாட்டை விட்டுக் காட்டுக்குப் போனவர்களின் கதையை வருடந்தோறும் பாடுகிற நாவு இது. “இல்லீங்க, ஒண்ணும் இல்ல” என்றேன். வெற்றிச்செல்வன் என் முகத்தைப் பார்த்தான். அவனும் கல்லின்முன் நின்றவன், வாய் திறக்கவில்லை.

“அப்பன்னா வாதம்தான்” என்று மருத்துவர் முடிவு சொன்னார். மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டியிருக்கிறதாம். இரத்தம் கட்டாமல் நீர்த்து ஓடுவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். காலை மாலை இரண்டு வேளையும் தவறாமல் நானே கொடுக்கிறேன். ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் அங்கே இல்லை. அடுத்த மாதம் கீழே பெரிய ஊருக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆகவே தாங்கள் அஞ்சியதுபோல் இல்லை. எங்கள் கட்டும் முறியவில்லை, மருந்துக்கு மருந்தும் ஆயிற்று. அவள் பெரும்பொழுது உறங்குகிறாள். உறக்கம் நல்லதுதானே?

இப்படிக்கு
ரங்கசாமி

*

வாணியம்பாடி
21 மார்ச் 2025

உயிரைத் தந்தவனே, அதைக் காப்பாற்று.

ரங்கசாமி! இன்று நலம் விசாரிக்கவும் நயம்பட எழுதவும் நேரமில்லை. பலமுறை அழைத்தும் உங்கள் அலைபேசி கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் அர்பாஸ். இதை முழுவதும் படித்து முடிக்குமுன் அந்த மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்.

உங்கள் கடிதம் சற்றுமுன் வந்தது. “நீர்த்து ஓடுவதற்கு” என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “பாய், உள்ளே கசிவு இருந்தா அந்த மாத்திரை அதுக்கு மடை திறந்து விட்ட மாதிரி. யார் குடுக்கச் சொன்னது? அடி பட்டதை ஏன் சொல்லல?” என்று என்மேல் சீறினார். நான் என்ன சொல்வேன்? எங்களிடையே ஒரு சாமைத்தாள் இருக்கிறது என்றா சொல்வேன்?

அந்த மருத்துவரைக் குறை கூறமாட்டேன். கேட்க வேண்டியதை அவர் கேட்டார். நாம்தாம் அவர் கண்ணைக் கட்டி, கையில் கத்தியைக் கொடுத்தோம்.

மறுமை நாளில் மனிதனின் வாய்க்கு முத்திரை இடப்படும், அவனுடைய கைகள் பேசும், கால்கள் சாட்சி கூறும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நாள் வெகுதொலைவில் இருக்கிறதென்று எண்ணியிருந்தேன். உங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. நீங்கள் உங்கள் வாய்க்கு முத்திரையிட்டுக்கொண்டீர்கள். மங்கம்மாளின் இடக்கால் செருப்பை உதறிவிட்டுச் சாட்சி சொல்கிறது. அவருடைய விரல்கள் புளிக்கொட்டையில் சாட்சி சொல்கின்றன. நாம் இருவர்தாம் செவிடர்.

என் பங்குத் துண்டை அர்பாஸிடம் கொடுத்திருக்கிறேன். கல்லின்முன் வைப்பவன் குற்றத்தை ஏற்றவன் என்று நீங்கள் எழுதியதை அவனிடம் மறைக்கவில்லை. வெற்றிச்செல்வன் காலை ஒடிப்பேன் என்றதையும் மறைக்கவில்லை. நான் போகிறேன் என்றேன். “அப்பா, ஓட்டுனது நான்தானே?” என்றான். அவன் தாய் வாசலில் நின்று அவன் தோளைப் பிடித்தாள். பிறகு தானே விட்டாள். விமானமோ வேலையோ பற்றி இந்த வீட்டில் இன்று யாரும் ஒரு சொல் பேசவில்லை.

நண்பரே, உங்கள் துண்டையும் எடுத்து வையுங்கள். வழக்கு திறக்கட்டும். என் மகனை என்ன செய்தாலும் செய்யுங்கள். தங்கையை உடனே இறக்குங்கள்.

அமீனுல்லா

*

மருத்துவமனையிலிருந்து
27 மார்ச் 2025

பெருமாளே, உன்னை எந்த வாயால் அழைப்பேன் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

பாய் அவர்களுக்கு. அவள் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன். மற்றவற்றை இனி எழுதுகிறேன். தங்களுக்கு அலைபேசியில் செய்தி சொன்னது வெற்றிச்செல்வன்தான். நான் அவள் கட்டிலருகே இருந்தேன்.

தங்கள் கடிதத்தோடு அர்பாஸ் மறுநாள் முதல் பேருந்தில் வந்தான். “எறங்காத தம்பி, ஊரு சூடா கீது. லெட்டர எங்கிட்ட குடு” என்று அர்ச்சுனன் தடுத்தானாம். அவன் இறங்கி நேராகக் காளியம்மன் கல்லுக்கு நடந்தான். சட்டைப்பையிலிருந்து தாள்துண்டை எடுத்துக் கல்லின்முன் வைத்துத் தலைகுனிந்து நின்றான். ஊர் கூடிவிட்டது. என் மகன் கோலோடு ஓடினான். நான் எட்டிப் பிடிக்குமுன் ஓங்கிவிட்டான்.

அர்பாஸ் நகரவில்லை. “அடிங்கண்ணா. ஆனா மொதல்ல அம்மாவ வண்டியில ஏத்துங்க. அந்த மாத்திரைய இனிமே குடுக்காதீங்க” என்றான். கோல் அப்படியே நின்றது. “இன்னாடா சொல்ற? மாத்திரைக்கு இன்னா?” என்றான் என் மகன். அர்பாஸ் தங்கள் கடிதத்தை நீட்டினான். வெற்றிச்செல்வன் அங்கேயே உரக்கப் படித்தான். “மடை திறந்து விட்ட மாதிரி” என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. அன்று காலை மாத்திரையை என் கையாலேயே கொடுத்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன், பாய்.

ஓடிப்போய்க் கூரையிலிருந்து என் துண்டைப் பிடுங்கி வந்து வைத்தேன். கருப்பனார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். “வழக்கு தெறந்துச்சி. இன்னும் இன்னாடா வேடிக்க? போங்கடா!” என்று கத்தினார். உறக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் கிடந்தவளை அர்பாஸ் தலைப்பக்கமும் வெற்றிச்செல்வன் கால்பக்கமுமாகத் தூக்கி ஊர்க்காரர் வண்டியில் ஏற்றினார்கள். நூற்றெட்டு வண்டி ஆலங்காயத்துக்கு மேலே எங்களை எதிர்கொண்டது.

இங்கே மருத்துவர் கேட்டபோது பசுவிலிருந்து மாத்திரைவரை எல்லாவற்றையும் சொன்னேன்.  “பெரியவரே, இத ஒரு மாசமா வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?” என்றார். உடனே தலையைப் படம் எடுக்க அனுப்பினார். தலையின் படத்தில் ஒரு பக்கம் முழுக்க இரத்தம் தேங்கிய இருட்டுப் பிறை. மண்டை ஓட்டில் துளையிட்டு வடித்தார்கள். வெளியே வந்த இரத்தத்தை வெற்றிச்செல்வன் பார்த்திருக்கிறான். “புளிய கரைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சுப்பா” என்றான். அதன்பின் அவன் சோறு தொடவில்லை.

காவலர் வந்தார். அர்பாஸ் தானே முன்சென்று நடந்ததைச் சொல்லிக் கையெழுத்திட்டான். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். அர்பாஸ் நோன்பு திறக்க என் மகன் பேரீச்சம்பழம் தேடிப் போனதை நான் பார்த்தேன்.

நேற்று மங்கம்மாள் கண் விழித்தாள். இன்று காலை பேசினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு தாளைப் பற்றியும் கட்டைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னேன். அவள் என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“துரும்ப ரெண்டாக் கிள்ளி ஆளுக்கொண்ணு எட்துக்கினீங்க. அடிபட்டது என் தலை. எனக்கு எந்தத் துண்டு?”

அதோடு அவள் விடவில்லை. “அன்னிக்கே சொன்னனே. காதுல வண்டு ரீங்காரம் போடுது, கண்ணு ரெண்டா தெரியுதுன்னு உன் கைய புட்சி இஸ்துச் சொன்னேன். நீ இன்னா சொன்ன?”

பாய், நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “சும்மா இரு, பெரியவங்க பேசிக்கினு இருக்கறோம்” என்றேன். அதற்குப் பிறகுதான் “எங்களுக்கு ஒண்ணும் ஆவல” என்று ஊருக்குச் சொன்னேன். எங்களுக்கு என்றேன்.

திருவிழாவில் நான் படிக்கும் கதையில், சூதில் வைத்து இழக்கப்பட்ட ஒருத்தி அவை நடுவே எழுந்து, என்னை வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்பாள். சான்றோர் நிறைந்த அவை விடையின்றித் தலைகுனியும். அந்த இடத்தைப் படிக்கும்போது ஆண்டுதோறும் என் கண் கலங்கும். பெண்கள் முந்தானையால் முகம் துடைப்பார்கள். மங்கம்மாளும் முன்வரிசையில் அமர்ந்து துடைத்தவள்தான். அந்த அவையில் எனக்கும் ஓர் இருக்கை போட்டிருந்ததை இத்தனை ஆண்டும் நான் அறியவில்லை.

அவள் கேட்டதற்கு விடை தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

ரங்கசாமி

*

வாணியம்பாடி
31 மார்ச் 2025, நோன்புப் பெருநாள்

சொல்லப்படாத முறையீட்டையும் செவிமடுக்கின்றவனுக்கே எல்லாப் புகழும்.

அன்பு நண்பருக்கு. பெருநாள் தொழுகை முடிந்து வந்து அமர்ந்திருக்கிறேன். வலியோடுதான் நெற்றியை நிலத்தில் வைத்தேன். இன்று அந்த வலி எனக்குத் தகுமென்று தோன்றியது. முறித்த சத்தியத்துக்காக ஏழைகளுக்கு உணவளித்துவிட்டோம். வெளிநாட்டு ஆலை, வழக்கு முடியும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டது. அர்பாஸ் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, தங்கையைப் பற்றி, “அம்மா இன்னைக்கு இட்லி சாப்பிட்டாங்களாம்” என்று தொடங்கி நான்கு வரி சொன்னான்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் நான் உங்களைத்தான் முதலில் குற்றம் சாட்டினேன். தலையில் இடிபட்டவள் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியும் கேளாத மனிதனா என்று கொதித்தேன். கொதிப்பு அடங்கியபின் நான் உங்களுக்கு எழுதியவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவற்றில் என் குற்றமே தெரிந்தது.

இடித்த ஓசையைக் கேட்டவன் நான். அலைபேசியில் உங்களை அழைத்தேனே, தங்கையிடம் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேனா? மருத்துவரைக் கேட்டேன். உங்களைக் கேட்டேன். மறையைப் புரட்டினேன். உங்கள் நெறியில் வாயில் உண்டா என்று வாதிட்டேன். தங்கை எப்படி இருக்கிறார் என்று தங்கையின் கணவரிடம் கேட்டேன். அவர் விரலையும் காலையும் சாட்சிகள் என்று அழகாக எழுதி, அந்த அழகில் நானே சற்று மகிழ்ந்தும்போனேன். வாய் இருந்த ஒருவரின் காலைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன்! அவர் வாயைத் திறந்து கேட்க எனக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கு நன்றியால் நடுங்கிய கை, உண்மையில் என் மகன் தப்பினான் என்ற மகிழ்ச்சியால் நடுங்கிய கை.

மங்கம்மாளின் கேள்விக்கு விடை கேட்டீர்கள். நம்மிடம் விடையில்லை, இருந்தாலும் அதைச் சொல்லும் தகுதி நமக்கில்லை. தாளை இரண்டாகக் கிள்ளும்போதே மூன்றாம் துண்டு அவர் வாயில் இருந்தது. நாம்தாம் அதைப் பொத்தினோம்.

ஆகையால் இனி வருவது உங்களுக்கல்ல. இதைத் தங்கையின் கட்டிலருகே அமர்ந்து உரக்கப் படியுங்கள். படித்தபின் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

தங்கச்சி, நான் பாயண்ணன். எங்கே வலிக்கிறது? எப்போதிலிருந்து வலிக்கிறது? அன்று வண்டி மோதியபோது என்ன ஆயிற்று என்று முதலிலிருந்து சொல்லுங்கள். காதில் வண்டு ரீங்கரித்ததைச் சொல்லுங்கள், கண்ணில் இரண்டாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள், எங்கள்மேல் உள்ள கோபத்தையும் சொல்லுங்கள். காவலருக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அர்பாஸுக்காக ஒன்றையும் குறைக்க வேண்டாம், அவனே அப்படி எழுதச் சொன்னான். களைத்தால் உறங்குங்கள், விழித்தபின் தொடருங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு கிழவர்களும் குறுக்கே பேசமாட்டோம்.

இதைப் படிக்கும் கண்ணும் கேட்கும் செவியும் இருளறியாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் ஏற்றிய விளக்கு நிலைக்கட்டும். அடுப்பில் சோறும், நாவில் உண்மையும், வலிப்பவர் சொல்லுக்கு ஓரிடமும் என்றும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில் கண்ட உறக்கம் உங்கள் தலைமுறைக்கெல்லாம் வாய்க்கட்டும். இறையருள் உங்கள் அனைவரையும் சூழ்க.

அமீனுல்லா